சிலிண்டர் ஏன் சீக்கிரம் தீர்கிறது? டிராஃப்ட் பியர் டெக்னீஷியனுக்கு ஒரு வேலைக் கையேடு

"போன வாரந்தான் புது சிலிண்டர் மாட்டினேன். அதுக்குள்ள காலி!" அமெரிக்காவில் வீடு வீடாகப் போய் டிராஃப்ட் பியர் ஃபிரிட்ஜ் சர்வீஸ் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. அவசரக்காரர் என்ன செய்வார்? இன்னொரு சிலிண்டரை மாட்டி, காசு வாங்கிக்கொண்டு கிளம்புவார். அடுத்த வாரம் அதே வீட்டிலிருந்து அதே போன் வரும். அதற்கடுத்த வாரம் வராது. அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருப்பார்கள்.

இந்தத் தொழிலில் நிலைத்து நிற்க ஒரு விதி போதும்: லீக் இல்லை என்று நீங்கள் சொல்லாதீர்கள், அழுத்தம் காட்டும் கேஜ் சொல்லட்டும். அதை எப்படிச் சொல்ல வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வேலை என்ன, யாருக்கு ஏற்றது?

வீட்டில் பியர் காய்ச்சிக்கொள்ள வழிவிடும் சட்டத்தில் 1978 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். இரண்டு வயதுவந்தவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். பாட்டில் கழுவி அலுத்தவர்கள் கெக்குக்கு, அதாவது அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்க்கு மாறினார்கள். குளிர்பானக் கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த 5 கேலன், அதாவது 19 லிட்டர் கொள்ளும் கார்னீலியஸ் கெக்குகள் அவர்களுக்கு வசதியாகக் கிடைத்தன. இப்படி வளர்ந்ததுதான் கெகரேட்டர்: ஒரு ஃபிரிட்ஜ், உள்ளே கெக், பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், மேலே குழாய்.

தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் வீட்டில் பியர் காய்ச்ச இடம் தருவதில்லை. ஆகவே இந்த வீட்டு வேலை வெளிநாட்டில்தான். ஆனால் இதே சிலிண்டர், இதே ரெகுலேட்டர், இதே கெக் உலகெங்கும் ஹோட்டல் பார்களிலும் சொகுசுக் கப்பல்களிலும் இருக்கின்றன. கேட்டரிங் படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போகிறவருக்கும், ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தவருக்கும் இந்தத் திறமை கைகொடுக்கும். ஏ.சி.க்காரருக்கு ஏற்கெனவே பாதி தெரியும். அழுத்தம் ஏற்றி, மூடி, காத்திருந்து, கேஜைப் பார்க்கும் பழக்கம் அவரிடம் உண்டு. பார் ஊழியருக்கு பியர் தெரியும், கேஸ் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டால் மேலாளர் கண்ணில் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

முதலில் கணக்கு

லீக் இருக்கிறதா என்ற சந்தேகத்தை ஒரு தராசே தீர்த்துவிடும். வீட்டில் பெரும்பாலும் இருப்பது 5 பவுண்டு சிலிண்டர், அதாவது 2.27 கிலோ கேஸ். ஒரு 5 கேலன் கெக்கில் கேஸ் ஏற்றி, கடைசிக் கோப்பை வரை தள்ளி முடிக்கச் சுமார் 160 கிராம் செலவாகும். கெக்கில் உள்ள காற்றை வெளியேற்ற வீணாவதையும் சேர்த்தால்கூட, ஒரு சிலிண்டருக்குப் பத்து கெக்காவது வரவேண்டும். இரண்டு கெக்கிலேயே தீர்ந்துபோனால் லீக் உறுதி.

எவ்வளவு கேஸ் மிச்சம் என்று அறிய உயர் அழுத்தக் கேஜை நம்பாதீர்கள். சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டுத் திரவம் ஆவியாகும் வரை முள் அசையாது. அசைந்தால், அது வெப்பநிலையின் வேலை. 21 டிகிரி செல்சியஸில் 850 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டும் முழுச் சிலிண்டர், 4 டிகிரி ஃபிரிட்ஜுக்குள் போனதும் 550-ஐ ஒட்டி இறங்கும். முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறதே என்று வாடிக்கையாளர் பதறுவார். எடை போட்டுக் காட்டுங்கள். சிலிண்டரின் தோளில் டி.டபிள்யூ. என்று குத்தியிருக்கும் எண்தான் காலி எடை. அது 7.5 பவுண்டு, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுத் தராசில் வைத்தால் 10 பவுண்டு என்றால், உள்ளே 2.5 பவுண்டு, சரிபாதி இருக்கிறது.

கசியும் இடங்கள்

சிலிண்டரில் தொடங்கி கெக் வரை வரிசையாகப் போங்கள். தாவக் கூடாது.

1. சிலிண்டர் வாஷர். அமெரிக்கச் சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டும் இணைப்பு சி.ஜி.ஏ. 320 ரகம். நடுவே ஒரு தட்டையான நைலான் அல்லது ஃபைபர் வாஷர் வரும். நசுங்கித்தான் அது அடைக்கிறது. ஆகவே ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை உதவாது. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் புது வாஷர். சில ரெகுலேட்டர்களில் ஓ-ரிங் உள்ளேயே பொருத்தியிருக்கும். அங்கே வாஷரையும் சேர்த்துப் போட்டால் அதுவே லீக்காகும். மாட்டும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள்.

2. சிலிண்டர் வால்வு. பாதி திறந்து வைத்தால் தண்டைச் சுற்றிக் கசியும் வால்வுகள் உண்டு. மெதுவாகத் திறந்து, முழுதும் திறந்த நிலையில் விடுங்கள். அப்போதுதான் தண்டின் பின்முகம் நன்றாக உட்காரும்.

3. ஃப்ளேர் இணைப்பு. ஹோஸ் முனையில் சுழலும் நட், அதற்குள் கூம்பு முகம். இங்கே அடைப்பது முகம்தான், மரை அல்ல. மரையில் டெஃப்லான் டேப் சுற்றுபவர் வேலை தெரியாதவர் என்று மூத்தவர்கள் அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிடுவார்கள். டேப் முகத்தை அமரவிடாமல் தடுத்துப் புது லீக்கையே உண்டாக்கும். கூம்பின்மேல் சின்ன நைலான் ஃப்ளேர் வாஷர் போடுங்கள், கையால் முறுக்குங்கள், பிறகு ஸ்பேனரில் ஒரு சிறு திருப்பு. இதே டேப் விதி சிலிண்டர் இணைப்புக்கும் பொருந்தும்.

4. ஹோஸும் கிளாம்பும். அறைச் சூட்டில் இறுக்கிய வினைல் ஹோஸ் ஃபிரிட்ஜுக்குள் சுருங்கி விறைக்கும். கிளாம்ப் பிடி தளர்ந்துவிடும். குளிர்ந்த பிறகு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். தள்ளிச் செருகும் புதுவகை இணைப்புகளில் குழாயை நேர்கோணத்தில் வெட்டுவதுதான் முக்கியம். கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டினால் உள்ளே உள்ள ஓ-ரிங்கை ஒரு பக்கம் மட்டுமே தொடும். குழாய் வெட்டும் கருவிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

5. மேனிஃபோல்டு. ஒரு கேஸ் பாதையை மூன்று நான்காகப் பிரிக்கும் கட்டை. ஒவ்வொரு வால்வின் கைப்பிடித் தண்டும் ஒரு கசிவு வாய்ப்பு. பயன்படுத்தாத வால்வை மூடினால் மட்டும் போதாது. அதன் வாய்க்கு மூடியும் போடுங்கள்.

6. கெக் ஓ-ரிங்குகள். கார்னீலியஸ் கெக்கில் மூடிக்கு ஒரு பெரிய ஓ-ரிங், கேஸ் நுழையவும் பியர் வெளியேறவும் உள்ள இரண்டு போஸ்ட்டுகளுக்கும் வெளிப்புறம் ஒவ்வொன்று, உள்குழாய்களுக்கு ஒவ்வொன்று. ஆக, ஐந்து. போஸ்ட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த பாப்பெட் வால்வு இரண்டு. ஓ-ரிங்கை விரலில் எடுத்து வளைத்துப் பாருங்கள். வெடிப்போ தட்டையோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். நல்லதென்றால் உணவுத் தரச் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவிப் போடுங்கள். வாஸ்லின் வேண்டாம், பெட்ரோலியம் சில ரப்பர்களை உப்ப வைக்கும், பியர் நுரையையும் கெடுக்கும்.

7. கப்ளர். கடையில் வாங்கும் பெரிய கெக் என்றால் மேலே கப்ளர் பூட்ட வேண்டும். அமெரிக்க பியர்களுக்குப் பொதுவாக டி ரகம், ஐரோப்பிய இறக்குமதிகளில் பலவற்றுக்கு எஸ் ரகம். ரகம் மாறினால் பூட்டாது, அல்லது பூட்டியதுபோல் இருந்து கசியும். அடி ரப்பரில் கீறல் இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் விரலுக்குத் தட்டுப்படும்.

மூடி உட்காருவதைக் கவனியுங்கள்

வீட்டு கெக்கில் அதிகம் ஏமாற்றுவது மூடிதான். அதில் ஒரு கம்பி நெம்புகோல் உண்டு. அதைக் கீழே அழுத்திப் பூட்டியதும் வேலை முடிந்ததுபோல் தோன்றும். உண்மையில் மூடியை உள்ளிருந்து மேலே தள்ளி இறுக்குவது கேஸ் அழுத்தம்தான். பியர் ஊற்றும் 10, 12 பி.எஸ்.ஐ.யிலேயே தொடங்கினால் பழைய மூடி சரியாக உட்காராது. ராத்திரி முழுக்கச் சத்தமில்லாமல் கசியும்.

செய்முறை எளிது. மூடியைப் போட்டு நெம்புகோலைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடி 30 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். 'டப்' என்ற மெல்லிய சத்தத்துடன் மூடி அமரும். விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விடுங்கள். பெரிய லீக் என்றால் குமிழ் வெடித்துப் பறக்கும், அதைக் காண யாருக்கும் கண் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது வேறு: மூடியின் ஓரத்தில் ஒரே புள்ளியில், கடுகளவு வெண்ணுரை மெல்லத் திரண்டு வரும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால்தான் தெரியும். சிலிண்டரை ஒரு வாரத்தில் தீர்ப்பது அந்தப் புள்ளிதான். அழுத்தத்தை இறக்கி, மூடியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு மறுபடி ஏற்றினால் பலமுறை சரியாகிவிடும். ஆகாவிட்டால் ஓ-ரிங்கை மாற்றுங்கள்.

பிரித்துச் சோதியுங்கள்

எல்லாவற்றையும் திறந்துவிட்டு எங்கே கசிகிறது என்று தேடினால் பொழுது போகும், லீக் போகாது. பகுதி பகுதியாகப் பிரியுங்கள்.

முதல் கட்டம்: ரெகுலேட்டரின் வெளிவழி வால்வை மூடுங்கள். சிலிண்டரைத் திறந்து 30 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டு, சிலிண்டரை மூடுங்கள். உயர் அழுத்தக் கேஜ் இறங்கினால் வாஷரிலோ ரெகுலேட்டர் உடலிலோ லீக். அந்தப் பகுதியின் கொள்ளளவு மிகக் குறைவு என்பதால் சிறு கசிவுக்கும் முள் சட்டென்று விழும். மாறாக, குறை அழுத்தக் கேஜ் தானாக ஏறினால், ரெகுலேட்டரின் உள் இருக்கை பழுது. அதை உடனே மாற்றுங்கள். விட்டால் சேஃப்டி வால்வு அடிக்கடி திறந்து கேஸை வெளியே கொட்டும்.

இரண்டாம் கட்டம்: வெளிவழி வால்வைத் திறந்து ஹோஸ், மேனிஃபோல்டு வரை கேஸ் விடுங்கள். கெக்கை மாட்டும் இணைப்பான்கள் தானே மூடிக்கொள்ளும் வகை, காற்றில் தொங்கட்டும். சிலிண்டரை மூடி 20 நிமிடம் காத்திருங்கள்.

மூன்றாம் கட்டம்: கெக்குகளை ஒவ்வொன்றாக மாட்டி, கேஸ் நிரம்பியதும் சிலிண்டரை மூடிக் காத்திருங்கள். எதை மாட்டியபின் முள் இறங்கிக்கொண்டே போகிறதோ, அதுதான் குற்றவாளி.

நான்காம் கட்டம்: முடிந்தால் இரவு முழுக்க மூடி வைக்கச் சொல்லி, காலையில் கேஜைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மெதுவான லீக் பகலில் சிக்காது.

சோப்புத் தண்ணீர் நம் வீடுகளில் கேஸ் அடுப்புக் குழாய்க்குத் தடவிப் பார்க்கும் அதேதான். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, தண்ணீர், தெளிக்கும் பாட்டில். ஒவ்வொரு இணைப்பையும் நன்றாக நனையுங்கள். சோதனை முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

லீக் மாதிரி தெரியும், லீக் அல்ல

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. முள் இறங்கினாலே லீக் என்று முடிவு கட்டி நல்ல ஓ-ரிங்குகளையெல்லாம் மாற்றிவிட்டு விழிப்பார்கள்.

• கேஸ் ஏறாத புது பியர் கெக்கில் இருந்தால், பியரே கேஸை உறிஞ்சிக்கொள்ளும். முள் இறங்கும். சோதனையைக் காலி கெக்கில் செய்யுங்கள், அல்லது முழுதும் கேஸ் ஏறிய கெக்கில் செய்யுங்கள்.

• 25 டிகிரி அறையில் 30 பி.எஸ்.ஐ. வைத்த காலி கெக்கை 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்தால் கேஸ் சுருங்கி 27-க்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு துளியும் கசிந்திருக்காது. சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலை ஒன்றாக இருக்கட்டும்.

• பியர் குழாய் சொட்டினால் கேஸும் போகும். குறைந்த பியரின் இடத்தை நிரப்ப ரெகுலேட்டர் கேஸை அனுப்பிக்கொண்டே இருக்கும். கேஸ் பக்கம் சுத்தம் என்றால் பியர் பக்கத்தைத் துணி போட்டுத் துடைத்துப் பாருங்கள்.

உயிர் விஷயம்

சமையல் கேஸில் மணம் சேர்க்கிறார்கள், கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். கார்பன் டை ஆக்சைடுக்கு மணமில்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். தரையோடு தேங்கும், அடித்தள அறையில் இறங்கி உட்காரும். வெளிக்காற்றில் அதன் அளவு சுமார் 0.04 சதவீதம். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா விதித்த வரம்பு 0.5 சதவீதம். உயிருக்கே உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனமான நயோஷ் குறித்திருப்பது 4 சதவீதம்.

இப்போது ஒரு கணக்கு. 5 பவுண்டு சிலிண்டர் முழுதும் வெளியேறினால் சுமார் 1,240 லிட்டர் வாயு. பத்துக்குப் பத்து அடி, ஒன்பது அடி உயரமுள்ள, காற்றோட்டமில்லாத அறையில் அது கலந்தால் ஏறக்குறைய 5 சதவீதம். வீட்டுச் சிலிண்டர்தானே என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 2011 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலம் பூலர் நகரத் துரித உணவகம் ஒன்றின் கழிப்பறையில் மயங்கி விழுந்த ஒரு மூதாட்டி இறந்துபோனார். சோடா எந்திரத்துக்குப் போன கேஸ் குழாய் சுவருக்குள் கழன்றிருந்தது.

ஆகவே ஒவ்வொரு வேலையிலும் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• சிலிண்டரை நிமிர்த்தி, சங்கிலியோ பட்டையோ போட்டுக் கட்டுங்கள். படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் பாயும்.

• சிறிய அறை, அடித்தளம் என்றால் கார்பன் டை ஆக்சைடு அலாரம் பொருத்தச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில். வீடுகளில் ஏற்கெனவே உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. பெயர் ஒத்திருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

• காரில் சிலிண்டர் கொண்டுபோகும்போது கண்ணாடியை இறக்கி வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

• அறைக்குள் யாராவது விழுந்து கிடந்தால் உள்ளே ஓடாதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவதுதான் இந்த வாயுவின் வழக்கம். கதவைத் திறந்துவிட்டு அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அமெரிக்காவில் அது 911.

• சிலிண்டரில் குத்தியுள்ள சோதனைத் தேதி ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டால் மறுசோதனை செய்யாமல் நிரப்ப மாட்டார்கள். வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேலைத் தாள் எழுதுங்கள்

கிளம்பும் முன் ஐந்து வரி எழுதி, நகலை வாடிக்கையாளரிடம் கொடுங்கள்: சிலிண்டர் எடை; எந்தப் பகுதியில் எத்தனை பி.எஸ்.ஐ.; எத்தனை நிமிடம் நின்றது; அப்போதைய வெப்பநிலை; மாற்றிய வாஷர், ஓ-ரிங் எவை. "எல்லாம் செக் பண்ணிட்டேன்" என்ற வாய்வார்த்தைக்கும் இந்தத் தாளுக்கும் உள்ள தூரம்தான் கூலிக்காரருக்கும் டெக்னீஷியனுக்கும் உள்ள தூரம். மூன்று மாதம் கழித்து மறுபடி போன் வந்தால் பழைய எடையையும் புது எடையையும் வைத்துப் பதில் சொல்லலாம். பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: சிலிண்டர் வாஷர் ஒரு டஜன், ஃப்ளேர் வாஷர், ஓ-ரிங் செட், சிலிகான் கிரீஸ், குழாய் வெட்டி, தொங்கு தராசு, தெளிப்பான், கையடக்க கார்பன் டை ஆக்சைடு மீட்டர்.

மேலே போக வழி

அமெரிக்காவில் பியர் துறைக்கென்றே சிசரோன் என்ற சான்றிதழ் 2008 முதல் நடக்கிறது. முதல் படியான சர்ட்டிஃபைட் பியர் சர்வர் தேர்வை ஆன்லைனிலேயே எழுதலாம்: 60 கேள்விகள், தேர்ச்சிக்கு 75 சதவீதம். டிராஃப்ட் அமைப்பு பற்றிய கேள்விகளும் வரும். அமெரிக்க பியர் தயாரிப்பாளர் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் வெளியிட்டுள்ள டிராஃப்ட் பியர் தரக் கையேட்டைப் படித்துவிட்டுப் போங்கள். பியர் குழாய்களை 14 நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்ற தொழில் வழக்கமும் அதில் இருக்கிறது. ஃபிரிட்ஜின் குளிரூட்டி வாயுச் சுற்றையும் தொட நினைத்தால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இ.பி.ஏ. 608 சான்றிதழ் தேவை.

வீட்டு வேலையில் கை தேர்ந்தவர் உணவகங்களுக்கு நகரலாம். அங்கே அளவு மாறும். 100 பவுண்டுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வைத்திருக்கும் பான அமைப்புகளுக்குக் காற்றோட்டமோ கசிவு அலாரமோ வேண்டும் என்கிறது சர்வதேசத் தீயணைப்பு விதித் தொகுப்பு. அதை ஏற்ற ஊர்களில் ஆய்வாளர் வந்து பார்ப்பார். ஸ்டவுட் பியருக்கு நைட்ரஜன் கலந்த கேஸ் வரும். அதன் சிலிண்டர் இணைப்பு சி.ஜி.ஏ. 580, அதில் உலோகமும் உலோகமும் நேராக அடைக்கும், வாஷர் கிடையாது. இந்த வித்தியாசத்தை நேர்முகத் தேர்வில் கேட்காமலே சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் பேனாவை எடுப்பார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாஷர் சில காசு, சோப்புத் தண்ணீர் இலவசம், காத்திருக்க 20 நிமிடம். பையிலுள்ள கருவிகள் போக, இதற்குமேல் இந்த வேலைக்கு முதலீடு இல்லை. முள் அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பாதீர்கள்.